மிளகாய் இனித்த கதை

(சென்ற ஆண்டு நம் முன்னாள் மாணவர் சங்கமத்தின் காலை அமர்வில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டு, பேச்சாளரால் சரிபார்க்கப்பட்டது.)



செயலாளர் போன் பண்ணி, "நீங்க கல்லூரி இசைக்குழுவில் இருந்தவராச்சே, இசையைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நான் இசையறிஞன் இல்லை. மூன்று வருஷம் இந்த மேடையில் பேஸ் கிட்டார் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அவ்வளவுதான். அதனால் இசை இலக்கணம் எதையும் பேசப் போவதில்லை. ஒரு இசைக்குழுவின் கதையைச் சொல்கிறேன். அதன் பெயர் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ். நம்ம பாஷையில் சொன்னால் 'சுடச்சுட செவந்த மிளகாய்'. இந்த மிளகாய் எப்படி இனித்தது, அதற்கு யார் காரணம், அதில் எனக்கு ஏன் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். அங்கே ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளி. அதில் சேர்ந்து படித்த பையன்கள் ஆந்தனி கீடிஸ், ஃப்ளீ, ஹிலெல் ஸ்லோவாக், ஜாக் அயர்ன்ஸ். ஃப்ளீ என்றால் தெள்ளுப்பூச்சி. அது கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர். மேடையில் அவர் துள்ளுவதைப் பார்த்தால் பொருத்தம் புரியும். ஹாஸ்டலில் பட்டப்பெயர் வாங்காதவர் நம்மில் யார்? 1983-ல் இந்த நாலு பேரும் குழுவாகச் சேர்ந்தார்கள். கீடிஸ் பாட்டு, ஸ்லோவாக் கிட்டார், ஃப்ளீ பேஸ், அயர்ன்ஸ் டிரம்ஸ்.

அவர்கள் வாசித்தது ஃபங்க் என்கிற கறுப்பின மக்களின் தாள இசையையும், பங்க் என்கிற முரட்டு ராக்கையும் ஒன்றாகப் போட்டு அரைத்த மசாலா. கீடிஸ் பாடுவது குறைவு. வேகமாகப் பேசுவது, கத்துவதுதான் அதிகம். வரிகளில் கேலி, கும்மாளம், கொஞ்சம் ஆபாசம். சில சமயம் உடம்பில் ஒரே ஒரு காலுறையோடு மேடையேறுவார்கள். அந்தக் காலுறையை எங்கே மாட்டியிருந்தார்கள் என்பதை முதல்வர் அமர்ந்திருக்கும் சபையில் நான் விவரிக்க மாட்டேன். (சிரிப்பு)

இந்தக் கும்மாளத்துக்கு அடியில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. பாடகர் கீடிஸ், கிட்டார் வாசித்த ஸ்லோவாக் இரண்டு பேரும் ஹெராயினுக்கு அடிமை. 1988 ஜூன் 25-ந் தேதி ஸ்லோவாக் அளவுக்கு மீறிய போதையில் இறந்துபோனார். வயசு 26. கீடிஸ் தன் ஆருயிர் நண்பனின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகவில்லை. மெக்சிகோவில் ஒரு மீனவர் ஊருக்கு ஓடிவிட்டார். அயர்ன்ஸால் தாங்க முடியவில்லை. குழுவை விட்டு விலகினார். நாலு பேரில் இரண்டு பேர் மிச்சம்.

அந்த ஆகஸ்டில் கீடிஸ் போதையை நிறுத்தினார். ஜான் ஃப்ருஷாண்டே என்று ஒரு பையன் வந்தான். வயசு 18. குழுவின் பாட்டை எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்த ரசிகன். ஸ்லோவாக்கின் இடத்தில் அவன் கிட்டார் வாசித்தான். டிரம்ஸுக்குச் சாட் ஸ்மித் வந்தார். 1989-ல் 'மதர்ஸ் மில்க்' என்ற ஆல்பம் வந்தது. அதில் இறந்த நண்பனை நினைத்து ஒரு பாட்டு உண்டு. ஆனாலும் வேகம் குறையவில்லை. துக்கத்தைக்கூட ஓடிக்கொண்டேதான் சொன்னார்கள்.

1991. அடுத்த ஆல்பத்துக்கு ரிக் ரூபின் தயாரிப்பாளராக வந்தார். பெரிய தாடிக்காரர். கல்லூரி விடுதி அறையில் ரெக்கார்டு கம்பெனி ஆரம்பித்தவர் என்பதை ஹாஸ்டல் தம்பிகள் கவனிக்க வேண்டும். ஒருநாள் கீடிஸ் வீட்டுக்கு வந்தவர், அங்கே கிடந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஒரு கவிதை மாதிரி எழுதியிருந்தது. "இது என்ன?" என்று கேட்டார்.

அது எப்படி எழுதியது தெரியுமா? கீடிஸ் போதையை விட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஃப்ருஷாண்டேயும் ஃப்ளீயும் சேர்ந்து கஞ்சா புகைப்பார்கள். இவர் அதில் சேர முடியாது. அதனாலேயே அவர்களுக்குள் இவர் வேற்றாள் மாதிரி ஆகிவிட்டார். ஒருநாள் ஒத்திகை முடிந்து தனியாகக் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது, இந்த ஊரைத் தவிர எனக்கு வேறு துணை இல்லையே என்று தோன்றியிருக்கிறது. முன்பு ஒரு பாலத்தடியில், ரவுடிக் கும்பல்களின் நடுவே போதைக்காக நின்ற நாட்கள் ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் எழுதி வைத்தார். அது எந்தப் பாலம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

ரூபின் கேட்டதும் கீடிஸ் என்ன சொன்னார்? இது ரொம்ப மெதுவாக இருக்கிறது, ரொம்ப உருக்கமாக இருக்கிறது, எங்க குழுவோட பாணி இது இல்லை என்றார். 2004-ல் அவர் எழுதிய தன்வரலாற்றில் இந்தச் சம்பவம் வருகிறது. ரூபின் விடவில்லை. நீ இதை மற்றவர்களுக்குப் பாடிக் காட்டியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார்.

கீடிஸ் பயந்துகொண்டே பாடினார். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் காலுறையோடு நின்றவருக்கு, மூன்று சிநேகிதர்கள் முன்னால் அந்தப் பாட்டைப் பாடக் குரல் நடுங்கியது. சுருதி எங்கெங்கோ போனது. அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார்கள். பிறகு பேசாமல் எழுந்து போய் அவரவர் வாத்தியத்தை எடுத்தார்கள்.

இங்கே ஃப்ருஷாண்டே செய்த ஒரு காரியத்தை இசை தெரிந்தவர்கள் ரசிப்பார்கள். வரிகள் இவ்வளவு சோகமாக இருக்கிறதே என்று அவர் சோகமான ஸ்வரக்கட்டு போடவில்லை. கொஞ்சம் வெளிச்சமான, சந்தோஷச் சாயலுள்ள கட்டுகளையே தேடிப் போட்டார். முன்னிசை ஒரு சுருதியில் தொடங்கும், பாட்டு வேறு சுருதியில் நுழையும். தொடக்கத்தில் கிட்டாரும் குரலும்தான் துணை. பேஸும் டிரம்ஸும் பிறகுதான் முழுசாக வந்து சேரும். கடைசியில் பின்னணியில் கேட்கும் கூட்டுக் குரலில் ஃப்ருஷாண்டேயின் அம்மாவும் அவருடைய தோழிகளும் பாடியிருக்கிறார்கள். போதைக்காரன் தனிமையைச் சொல்லும் பாட்டுக்கு ஓர் அம்மாவின் குரல் முடிவுரை சொல்கிறது!

பாட்டின் பெயர் 'அண்டர் தி பிரிட்ஜ்'. ஆல்பம் 'பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்'. 1991 செப்டம்பர் 24-ல் வெளிவந்தது. கம்பெனிக்காரர்கள் அடுத்து எந்தப் பாட்டைத் தனியாக வெளியிடலாம் என்று பார்க்க ஒரு கச்சேரிக்கு வந்தார்களாம். கீடிஸ் இந்தப் பாட்டை எடுக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். உடனே கூட்டம் மொத்தமும் அவருக்காகப் பாட ஆரம்பித்துவிட்டது. தப்பு நடந்துபோச்சே என்று அவர் மன்னிப்புக் கேட்கப் போனால், அவர்கள் இதுதான் பாட்டு என்று முடிவே பண்ணிவிட்டார்கள். 1992-ல் அமெரிக்க பில்போர்டு வரிசையில் அது 2-ஆம் இடம் வரை ஏறியது.

இப்போது கொஞ்சம் நம்ம ஹாஸ்டலுக்கு வருவோம்.

அதே 1992. நான் இரண்டாம் வருஷம் இயற்பியல். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன், சினிமாப் பாட்டு இருந்த கேசட்டிலேயே இந்த ஆல்பத்தை அழித்துப் பதிவு பண்ணி அனுப்பியிருந்தார். வேகமான பாட்டு வந்தால் நாங்கள் கட்டில் மேல் ஏறிக் குதிப்போம். இங்கிலீஷ் பாதி புரியாது, புரிந்த பாதி வீட்டில் சொல்ல முடியாது. இந்த மெதுவான பாட்டு வந்தால் நான் ஓட்டிவிடுவேன். என் அறைத்தோழன் கையைப் பிடிப்பான். "இருடா மாப்ளே, இது ஓடட்டும்" என்பான். அவன்தான் எங்கள் குழுவில் கிட்டார்.

மூன்றாம் வருஷம் தொடங்கிய கொஞ்ச நாளில் அவன் அப்பா தவறிவிட்டார். காரியம் எல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். நாங்கள் என்ன செய்தோம்? மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனோம். செகண்ட் ஷோவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தலையைத் தடவிக் கிண்டல் பண்ணினோம். அதெல்லாம் பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "அப்பா எப்படிடா போனார்?" என்று ஒருத்தன் கேட்கவில்லை. கேட்டால் அவன் அழுதுவிடுவானோ என்று பயம். அவன் அழுதால் நாங்கள் என்ன செய்வது என்று தெரியாத பயம்.

ஆண்டு விழா வந்தது. ஒருநாள் ராத்திரி அவன் ஒரு கோடு போட்ட நோட்டை என்னிடம் நீட்டினான். "மெட்டும் போட்டிருக்கேன், கேக்குறியா?" என்றான். லீவு முடிந்து அவன் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும், பஸ் கண்ணுக்கு மறையும்வரை அவன் அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பாராம். அதைப் பற்றிய பாட்டு. இரண்டு சரணம் பாடினான். நான் மூன்றாவது சரணம் வருவதற்குள், "நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா ஸ்லோவா இருக்குடா. கூட்டம் எழுந்து வெளிய போயிடும். நம்ம ஸ்டைல் இது இல்லை" என்றேன்.

அவன் நோட்டை மூடிவிட்டான். நாங்கள் ஒரு குத்துப் பாட்டு வாசித்தோம். விசில் பறந்தது. கோப்பை வாங்கினோம். அவனும் சிரித்துக்கொண்டுதான் வாசித்தான். அதற்குப் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை.

பல வருஷம் கழித்துக் கீடிஸின் புத்தகத்தைப் படித்தேன். ரூபின் நோட்டைப் புரட்டும் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மெதுவாக இருக்கிறது, நம்ம பாணி இல்லை. அங்கே எழுதியவனே தன்னைப் பற்றிப் பயந்து சொன்ன வார்த்தை. கேட்டவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே எழுதியவன் தைரியமாக நீட்டினான். கேட்டவன் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

கதை இன்னும் முடியவில்லை. பாட்டு ஜெயித்துவிட்டதே, இனி எல்லோரும் சுகமாக இருந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. திடீர்ப் புகழ் ஃப்ருஷாண்டேக்கு ஒத்துவரவில்லை. சின்ன அரங்குகளில் வாசித்த நாட்களே நிம்மதி என்று நினைத்தார். 1992 பிப்ரவரியில் அமெரிக்கா முழுக்கப் பார்க்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இதே பாட்டின் முன்னிசையைத் தெரியாத மாதிரி மாற்றி வாசித்தார். கீடிஸ் பாட இடம் தெரியாமல் தடுமாறினார். வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டான் என்று கோபம். அந்த மே மாதம், ஜப்பான் பயணத்தின் நடுவில் ஃப்ருஷாண்டே குழுவை விட்டுப் போய்விட்டார். தனிமையைப் பற்றி உலகமே பாடும் ஒரு பாட்டைச் செய்தவர்கள், ஒருத்தரோடு ஒருத்தர் உட்கார்ந்து பேசவில்லை.

அடுத்த ஐந்து வருஷம் ஃப்ருஷாண்டே ஹெராயினில் மூழ்கினார். பல் கெட்டது, கை முழுக்கத் தழும்பு, உயிர் போகும் நிலை. குழு வேறொருவரை வைத்து 1995-ல் ஓர் ஆல்பம் செய்தது. அது எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. கீடிஸும் 1994-ல் மறுபடி போதையில் விழுந்திருந்தார். 2000-ஆம் வருஷக் கடைசியில்தான் முழுசாக மீண்டார். தம்பிகளே, மென்மையான பாட்டு எழுதினால் போதை போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு வைத்தியம் வேண்டும், வருஷக்கணக்கில் முயற்சி வேண்டும், விழுந்தால் மறுபடி எழ வேண்டும்.

1998 தொடக்கத்தில் ஃப்ருஷாண்டே ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்ந்தார். வெளியே வந்த பிறகு, அந்த ஏப்ரலில் ஃப்ளீ அவரைத் தேடிப் போனார். "திரும்பி வர்றியா?" என்று கேட்டார். ஃப்ருஷாண்டே தேம்பி அழுதுவிட்டார். அதைவிடச் சந்தோஷம் எனக்கு எதுவும் இல்லை என்றாராம். ஆறு வருஷத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் ஒருத்தர் வீடு தேடிப் போய்க் கேட்டார்.

ஃப்ளீயின் வீட்டு கராஜில் ஒத்திகை நடந்தது. ஃப்ருஷாண்டேயின் விரல்களில் பழைய பலம் இல்லை. முன்போல வேகமாக வாசிக்க முடியாது. அவசரப்படுத்தாமல் மற்றவர்கள் காத்திருந்தார்கள். வேகம் இல்லாத அந்த விரல்களிலிருந்துதான் புது இசை வந்தது. 1999 ஜூனில் வந்த 'கலிஃபோர்னிகேஷன்' ஆல்பத்தில் 'ஸ்கார் டிஷ்ஷூ' என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பேருக்கு அர்த்தமே தழும்பு. கிட்டார் இரண்டு இரண்டு ஸ்வரமாக, இடம் விட்டு விட்டு நடக்கும். நடுவில் வரும் தனி வாசிப்பு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். ஐந்தாம் வகுப்புப் பையன்கூட முணுமுணுக்கலாம். 2000-ல் சிறந்த ராக் பாட்டுக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. ஆல்பம் உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது.

இதைப் பிடிக்காதவர்களும் உண்டு. மிளகாயில் காரம் போச்சு, வெல்லம் கலந்துட்டாங்க என்று பழைய ரசிகர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. 2002-ல் வந்த 'பை தி வே' ஆல்பத்தில் ஃப்ருஷாண்டே பல குரல்களை அடுக்கி, மெட்டு மேல் மெட்டாகக் கட்டிக்கொண்டே போனார். ஃபங்க் மிகவும் குறைந்தது. ஃப்ளீக்குத் தன் இடமே போய்விட்டதாகத் தோன்றி, விலகிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். மனசைத் திறக்கிறேன் பேர்வழி என்று நாமே பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருப்பவன் வாயடைத்துப் போவான். இந்தத் தடவை அவர்கள் அதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். 2006-ல் வந்த 28 பாட்டு கொண்ட இரட்டை ஆல்பத்தில் பழைய காரமும் இருந்தது, புது இனிப்பும் இருந்தது.

2009-ல் ஃப்ருஷாண்டே மறுபடி விலகினார். பத்து வருஷம் கழித்து, 2019 டிசம்பரில் மறுபடி வந்தார். 2022-ல் இரண்டு ஆல்பம் செய்தார்கள். கீடிஸுக்கும் ஃப்ளீக்கும் வயசு 60 தாண்டிவிட்டது. முன்வரிசையில் இருக்கிற நம்ம சங்கத் தலைவரைவிடக் கொஞ்சம்தான் சின்னவர்கள். இவர் துள்ளிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். (சிரிப்பு)

ஒரு முரட்டுக் குழு மென்மையான இசைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், வயசாச்சு, பக்குவம் வந்தது, காசுக்காகப் பண்ணினார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு தடவையும் நடந்தது ஒன்றுதான். முதல் தடவை ஒருத்தர் நோட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். இரண்டாம் தடவை ஒருத்தர் வீடு தேடிப் போய், வர்றியா என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், பதில் வரும்வரை இருந்தார்கள்.

இன்றைக்கு ஹாஸ்டலில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் இப்போது கோடு போட்ட நோட்டு இருக்காது, போன் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள் ராத்திரி அதை நீட்டி, "இதைக் கேளேன்" என்பார். மூன்றாவது சரணம் வரைக்கும் கேளுங்கள். நல்லா இருக்கா இல்லையா என்று காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

என் அறைத்தோழன் இங்கே வந்திருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இவ்வளவும் சொன்னேன். காலையில் டீ குடிக்கும்போது முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்காததைக் கேட்டேன். "அந்த நோட்டு இருக்காடா?" என்றேன். "அம்மா இருந்த வீட்டைக் காலி பண்ணினப்போ போயிடுச்சு மாப்ளே" என்றான். மெட்டு ஞாபகம் இருக்கா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து முதல் இரண்டு வரியை முணுமுணுத்தான். மீதி வரவில்லை. பிறகு அவனாகவே அவன் அப்பாவைப் பற்றிப் பேசினான். டீ ஆறிப்போனது. நாங்கள் இரண்டு பேரும் குடிக்கவில்லை. இந்த அமர்வுக்குத் தாமதமாக வந்ததற்கு அதுதான் காரணம். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

சாயந்தரம் கலை நிகழ்ச்சியில் அவன் கிட்டார் எடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். என்ன வாசிக்கப் போகிறான் என்று எனக்கே தெரியாது. மெதுவாக ஏதாவது வாசித்தால், பின்வரிசையிலிருந்து "வேகமா போடுங்க"ன்னு மட்டும் யாரும் கத்தாதீங்க. அந்தத் தப்பை இந்த ஹாஸ்டல் சார்பில் நான் ஏற்கெனவே பண்ணியாச்சு.



— இயற்பியல், 1990–93 செட்